பல்லக்கை மறித்த தடையாணை

தோழர்களே, இப்படி வந்து நில்லுங்கள். குடத்தோடு கிணற்றடிக்குப் போன நான்கு பெண்கள் சிறைக்குப் போன அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள்.

ஆண்டு எதுவென்று எவரும் எழுதிவைக்காத ஒரு காலத்தில், மகுடதரன் என்றொரு மன்னன். அவன் நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் திடலில் கூடி, அரசன் நீடிப்பதா, நீங்குவதா என்று கை உயர்த்துவது வழக்கம். அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் மலைக்கு அப்பால் பகைவன் வந்துவிடுவான். நாள் தள்ளிப்போனதும் திரும்பிவிடுவான். அத்தனை ஒழுங்கான பகைவன்.

இம்முறை முரசறைந்தனர்: "பகைவன் ஊருக்குள் புகுந்துவிட்டான். அவன் பிடிபடும்வரை மூவருக்கு மேல் எவரும், எங்கும், எதற்கும் கூடலாகாது. மீறினால் சிறை."

மணமேடையில் மணமகன், மணமகள், புரோகிதர். பெற்றவர்கள் எதிர்வீட்டுக் கூரையிலிருந்து அட்சதை எறிந்தனர். பாடை தூக்க நால்வர் வேண்டுமென்பதால், சாகக் கிடந்தவர்கள்கூடச் சற்றுப் பொறுத்துக்கொண்டனர். பூவாத்தாளும் அண்டை வீட்டுப் பெண்கள் மூவரும்தான் கிணற்றடியில் அகப்பட்டனர். "திடலுக்கு எப்போதடி கூப்பிடுவார்கள்?" என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். பகைவன் பிடிபட்ட பிறகே விடுதலை என்றது அரண்மனை.

அரசவை விதூஷகன் அங்கணன் அவர்களுக்காகப் பரிந்து பேசினான். அவன்மேல் பொறாமை கொண்ட தளபதி உக்கிரசேனன் வலை விரித்தான்.

"மன்னர் பெருமானே, ஆணையை இவரே நிறைவேற்றட்டும். இன்று மாலைக்குள் ஒரு கூட்டத்தைத் தப்பவிட்டாலும் இவர் தலை போகட்டும்."

"ஊரே திரண்டு உன்மேல் காறித் துப்பும், அங்கணா," என்று மகிழ்ந்தான் மன்னன்.

"அதற்கும் மும்மூன்று பேராகத்தான் வரவேண்டும், பிரபு."

நண்பகலில் மன்னன் பல்லக்கில் உலா வந்தான். கடைவீதி நடுவில் அங்கணன் மறித்தான்.

"சுமப்பவர் நால்வர், உள்ளே ஒருவர். இறக்குங்கள்."

"உள்ளே இருப்பது நான், மூடனே."

"ஆணையில் 'எவரும்' என்றிருக்கிறது. தங்கள் முத்திரையிட்ட சொல்லை நான் திருத்தலாமா?"

தளபதி பத்து வீரர்களோடு பாய்ந்து வந்தான்.

"வாருங்கள், தளபதியாரே. பதினொருவர். சிறையில் பெரிய அறையாகப் பார்க்கச் சொல்கிறேன்."

வீரர்கள் மும்மூன்றாகப் பிரிந்து ஓடினர். மிஞ்சிய ஒருவன் யாரோடு சேர்வதென்று தெரியாமல் தளபதியையே சுற்றிச் சுற்றி வந்தான். கடைவீதி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தன் ஆணையைத் தானே மீற வெட்கப்பட்டு, மன்னன் சிறைவாசல்வரை நடந்தான்.

அங்கே அங்கணன் தலையைச் சொறிந்தான். "ஒரு சங்கடம், பிரபு. உள்ளே நான்கு பெண்கள் ஒரே அறையில் கூடியிருக்கின்றனர். தங்கள் சிறையே தங்கள் ஆணையை மீறுகிறது. அவர்களை வெளியே விட்டால்தான் தங்களைச் சட்டப்படி அடைக்க முடியும்."

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். ஆணையைக் கிழித்தான். பெண்கள் வீடு சேர்ந்தனர்; அங்கணன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

"திடலில் கூடும் நாள், பிரபு?"

"அதை மட்டும் கேட்காதே," என்றான் மன்னன், சிரிப்பு அடங்காமலே. "எல்லையில் புதிதாய் ஏதோ புழுதி தெரிகிறதாம்."

கேட்டீர்களா, தோழர்களே? ஒரு விதூஷகனின் சாமர்த்தியம் அவ்வளவு தூரம்தான் போகும். மிச்சம் உங்கள் வேலை. ஆபத்து என்று சொல்லி உங்கள் உரிமையை எவர் ஒத்திவைத்தாலும், கண்டவர் யார், கண்ட இடம் எது என்று கேளுங்கள். தேதியை நீங்களே குறியுங்கள். குறித்த தேதியில் திடலுக்கு வந்து கையை உயர்த்துங்கள்.