தேசிங்கின் எழுத்துக்கு எந்த உரிமம்?

தேசிங்கு என்றொரு ஆள் தங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்றது துரைவேலன் தோல் கம்பெனி. கழிவுத்தொட்டிக்குள் மூச்சுமுட்டிச் செத்தவனை வெளியே தூக்கிப் போட்ட அன்றே வருகைப் பதிவேட்டிலிருந்து அவன் பெயரையும் எடுத்துவிட்டார்கள். தொழிலாளி நீட்டும் எந்தக் காகிதத்தையும் படிக்காமலே வாங்கிப் போடுகிறவர்கள் அவர்கள். தொழிற்சங்கச் செயலாளர் எத்திராசு அவனுக்காக ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். தோற்றார். மறக்கவில்லை.

சங்கத்துச் சுவரொட்டிகளை எழுதியவன் தேசிங்கு. கேட்டவர் யாரென்று பாராமல் எழுதிக் கொடுத்தவன். அந்தக் கையெழுத்தை, சங்கத்தின் கணினி வேலைகளைப் பார்க்கும் நிலோஃபர் எழுத்துருவாக்கினாள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் வெளியிடுவோம் என்று பொதுக்குழுவில் சங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. எந்த உரிமம் என்று முடிவுசெய்ய மூவர் உட்கார்ந்தார்கள்: எத்திராசு, நிலோஃபர், எழுத்துக்கு உரிமைக்காரியான தேசிங்கின் மனைவி சம்பூர்ணம்.

ஒரு செய்தியும் வந்திருந்தது. கம்பெனி தன் செருப்புக் கடைகளுக்காகத் தமிழில் ஒரு செயலி தயாரிக்கிறது. கையெழுத்துச் சாயலில் இலவச எழுத்துரு தேடுகிறது.

“ஊருக்கே குடு. அந்தக் கம்பெனிக்கு மட்டும் கெடையாதுன்னு எழுதிடுண்ணா,” என்றாள் சம்பூர்ணம்.

“ஒருத்தரை விலக்கினாலே அது திறந்த உரிமம் இல்லக்கா. நிபந்தனையே வேணாம். அவர் யாருக்காவது இல்லன்னாரா?” என்றாள் நிலோஃபர்.

எத்திராசு வேறொன்றைச் சொன்னார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் எழுத்துருவை எதில் சேர்த்துக் கொடுத்தாலும், அது யாருடையது என்று சொல்லும் உரிமைக் குறிப்பை ஓர் எழுத்தும் குறையாமல் கூடவே தரவேண்டும்.

“கம்பெனிக்காரனுமா எடுக்கலாம்?”

“அவனுந்தான்.”

“இன்னாண்ணா, கெழவனாயிட்டியா? கோவம் ஆறிப்போச்சா?”

எத்திராசு சிரித்தார். ஒன்பது வருடத்தில் சம்பூர்ணம் அதைப் பார்த்ததில்லை. “குறிப்பை நான் எழுதுறேன் தங்கச்சி. ரெண்டே வரி.”

நியாயம் தெரிந்தவரே, சொல்லும்: மூவரில் யார் சொன்ன உரிமம் வாக்கையும் காத்து, பழியையும் தீர்க்கும்? அந்த இரண்டு வரியில் என்ன இருந்திருக்கும்?

விடை: சம்பூர்ணம் சொன்னபடி விலக்கினால் வாக்குப் போகும், கம்பெனி வேறு எழுத்துருவோடு நிம்மதியாக இருக்கும். நிலோஃபர் சொன்னபடி சும்மா விட்டால், ஆளை விழுங்கியவர்கள் எழுத்தையும் விழுங்குவார்கள். எத்திராசு சொன்னதே சரி. அவர் எழுதியது: “துரைவேலன் தோல் கம்பெனியின் கழிவுத்தொட்டியில் இறந்த அதன் தொழிலாளி தேசிங்கின் கையெழுத்து இது. உரிமை, அவர் மனைவி சம்பூர்ணம்.” படிக்காமல் எடுப்பார்கள். செயலி ஏறும் ஒவ்வொரு போனிலும் இந்த வரிகளும் ஏறும். விழித்துக்கொண்டு அழித்தால் உரிமம் போகும். அப்புறம் கோர்ட்டுக்கு நடக்கவேண்டியது அவர்கள். இல்லவே இல்லாத ஒருவனின் கையெழுத்தைத் திருடிய வழக்குக்கு.