சாம்பார் வாளியைத் தூக்கிய மச்சான்

ஒரு வழக்கைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. பாதியில் எழுந்து போனால் எனக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் செங்கோடன். இளகிய மனசு, ஓட்டை வாய். அவர் கடைச் சமையல்காரர் சுடலைமணி, தென்காசிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். இமிகிரேசன் சோதனையில் கடை சிக்கினால் வெளிநாட்டு ஆள் வைக்கும் உரிமை போய்விடும். சுடலைமணி மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் சம்பளத்தை நம்பித்தான் ஊரில் மகள்கள் இரண்டு பேர் நர்சிங் படிக்கிறார்கள்.

சோதனை சொல்லிக்கொண்டு வருமா? அதனால் செங்கோடன் முன்யோசனையாக ஓய்வுபெற்ற இமிகிரேசன் அதிகாரி பிலோமினாவைப் பிடித்தார். முதலாளிகளைச் சோதனைக்குத் தயார் செய்வதுதான் இப்போது அந்த அம்மாளின் தொழில். "பெர்மிட்டெல்லாம் சரியா இருக்கு. இனி ஒரு நாள் ஒத்திகைக்குச் சொல்லாம வந்து நிப்பேன். வீட்டுக்காரம்மாகிட்டகூட மூச்சு விடாதீங்க" என்றார். செங்கோடனும் விடவில்லை. அந்த வாய் ஒரு ரகசியத்தைக் காத்தது அதுதான் முதல் தடவை.

இந்த நேரம் பார்த்துத்தானா அவர் மனைவி திலகவதியின் அண்ணன் முத்தையா நாமக்கல்லிலிருந்து வர வேண்டும்! தங்கச்சியைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வந்த மனுஷன். கடையில் வேலை செய்யக் கூடாது. ஆனால் அவரோ எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வேட்டியை மடித்துக் கட்டிப் பந்தியில் இறங்குகிறவர். காலி இலையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் நிற்க இடமில்லை. முத்தையா சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். பெருமை பொங்க இரண்டு வரிசை பரிமாறியிருப்பார், பிலோமினா உள்ளே வந்தார்.

"இமிகிரேசன் சோதனை. யாரும் நகரக் கூடாது."

சுடலைமணி அதை நிஜம் என்றே நம்பினார். அடுத்த நொடி முத்தையாவை வாளியோடு இழுத்து அரிசி அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"இப்ப உள்ள போனாரே, அவர் யாரு?" என்றார் பிலோமினா.

ஒத்திகை என்று செங்கோடனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் மச்சானை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. "சாப்பிட வந்தவருங்க" என்றார்.

"சாப்பிட வந்தவர் எதுக்கு சாம்பார் ஊத்துறாரு?"

"எங்க சாம்பார்னா அவருக்கு உசுருங்க."

கடையில் நின்ற திலகவதிக்கும் ஒத்திகை என்றே தெரியாது. வந்தது நிஜம், அண்ணனைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றே நினைத்தாள். அரிசி அறைக் கதவைத் திறந்து அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"எங்க அண்ணனுங்க. என்னைப் பார்க்கத்தான் வந்தாரு. சம்பளமில்ல, ஒண்ணுமில்ல. ஆனா பரிமாறினது நெசம். நான் தடுத்திருக்கணும், தடுக்கல."

ஒத்திகைதான் என்று பிலோமினா சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். முத்தையா சிரிக்கவில்லை. "நெசமா இருந்தா என்னைப் பிடிச்சுக் குடுத்திருப்பியே, திலகா" என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

"நிஜச் சோதனை வரும்போது பதில் சொல்ல ஒருத்தர்தான் கல்லாவில இருக்கணும்" என்றார் பிலோமினா. "யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"நான்தான். ஆளையே கண்ணுல காட்டலையே" என்றார் சுடலைமணி. "வீட்டுக்கு வந்தவரை விட்டுக்கொடுக்காதவன் நான்" என்றார் செங்கோடன். திலகவதியோ கல்லாவைக் கேட்காமல் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மூவருமே அன்பால்தான் செய்தார்கள். இப்போது சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி? கல்லாவில் யாரை உட்கார வைப்பது?

விடை: திலகவதியைத்தான். ஆளை ஒளித்து வைத்தால் சின்னத் தப்பு பெரிய குற்றமாகிவிடும். ஒரு பொய் வெளுத்துவிட்டால் சுடலைமணியின் ஒழுங்கான பெர்மிட்டையும் சந்தேகப்படுவார்கள். ஒத்திகை என்று தெரிந்தே செங்கோடன் சொன்ன பொய்யால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை; திலகவதியோ உண்மைக்காக அண்ணனையே கொடுக்கத் துணிந்தாள். அப்படியானால் முத்தையா மனசு? சாயங்காலம் அவரே செங்கோடனிடம் சொன்னாராம்: "அவளையே உட்கார வைங்க மாப்பிள்ளை. என்னைக் காட்டிக் கொடுத்தது நெசம்தான். ஆனா என் கையை விடல."