சாவிக்கொத்தும் ஒரு நீண்ட 'வா'வும்

ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்காமல், ஒருவர் வருஷக்கணக்கில் ஒரு பாட்டுக் குழுவை நடத்த முடியுமா? சொல்லுங்கள் பார்ப்போம்.

முடியும். ஆலங்கிணறு இளையோர் பாட்டுக் குழுவின் செயலாளர் பாக்கியமுத்து அண்ணாச்சி அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். விசில் ஊதி ஊதி வண்டிகளை அனுப்பியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற கையோடு, "எனக்கும் ரெண்டு பாட்டு சொல்லிக்குடுங்க டீச்சர்" என்று, பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கும் எப்சிபா டீச்சரிடம் வந்து நின்றார். டீச்சருக்கு அவர் மகள் வயசுதான். இருந்தால் என்ன, குரு என்றால் குருதானே. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்.

அன்றைக்குப் பார்த்து கிட்டங்கிக் கதவு திறக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. கூட்டுறவுச் சங்கத்தார் முன்பு நெல் மூட்டை அடுக்கிய கிட்டங்கி அது. இப்போது சும்மா கிடக்கிறதே என்று, சாயங்காலத்தில் பிள்ளைகள் பாடிப் பழக விட்டிருந்தார்கள். அண்ணாச்சி சாவியைக் கேட்டு வாங்கினார். கதவை ஒரு தூக்குத் தூக்கித் திறந்துவிட்டார்.

அத்தோடு சரி. சாவி அவர் கைக்கு வந்தது. பாட்டு வரவில்லை.

சாவியைத் தொடர்ந்து பாய் விரிக்கிற வேலை வந்தது. பிறகு டீக்கேன், மைக்செட், வேன், பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போடுவது, மைக் அனுமதிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பது. அண்ணாச்சி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் கேட்டாலும் எதையும் பிரித்துக் கொடுக்கவும் இல்லை.

பாடுகிற பிள்ளை ஒருத்தியின் அம்மா ரஹ்மத். வீட்டில் தையல் மிஷின் மிதிப்பவர். நாள் தவறாமல் வருவார்.

"பாயை நான் விரிக்கட்டா அண்ணாச்சி?"

"நீங்க உக்காருங்கம்மா."

"டீயாவது ஊத்துதேனே?"

"நீங்க ஊத்துனா நுரை நிக்காதும்மா. உக்காருங்க."

பிள்ளைகள் முதல் அடி எடுக்கும்போது அண்ணாச்சி டீக்கடையில் நிற்பார். நடு அடியில் வாசலில் நின்று வேன்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். கடைசி அடியில் வாசல் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். தூக்கத்தில் இருப்பவன் வாசலில் பஸ் போவதைக் கேட்பதுபோல, அவர் காதில் விழுந்ததெல்லாம் வால் பாதி, தலை பாதி.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பாயிண்ட் டு பாயிண்ட் மாமா'. நடுவில் எங்கேயும் நிற்க மாட்டாராம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தவருக்குத் திருப்பூரிலிருந்து மகள் போன் போட்டாள்.

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பாப்பாவுக்குக் காது குத்து."

குழுவின் ஆண்டு விழாவும் அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். திருப்பூர் என்ன பக்கத்துத் தெருவா, போய்விட்டு ஓடிவர?

"தேதியை மாத்தும்மா."

"பேர் வைக்கும்போதும் இதைத்தான் சொன்னிய. தாய்மாமன் இல்லாத பிள்ளைப்பா. தாத்தா மடிதான். வர முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, பக்கத்து வீட்டு மாமா மடியில உக்கார வச்சுக்கிடுதோம்."

பிரசவத்துக்குப் போய் அங்கேயே இருந்த மனைவி போனைப் பிடுங்கினாள்.

"ஊர்ல உள்ள பஸ்ஸையெல்லாம் நேரத்துக்கு அனுப்பி வச்சிய. ஒரு பஸ்லயாவது ஏறத் தெரியுதா உங்களுக்கு?"

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி வழக்கம்போலக் கதவைத் திறந்தார். பாயை விரித்தார். டீயை ஊற்றி டீச்சர் பக்கத்தில் வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து டம்ளருக்கு அருகில் வைத்தார்.

"நான் விலகிக்கிடுதேன் டீச்சர்."

பாடப் போன பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். சுருதிப் பெட்டி மட்டும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. டீச்சரின் எட்டு மாதப் பையன் ரஹ்மத்தின் மடியில் உட்கார்ந்து அவர் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி காது குத்து விஷயத்தை மொத்தமும் கொட்டினார்.

"நான் போனா விழா படுத்துரும். போகலைன்னா மக முகத்துல முழிக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான் டீச்சர். முழுசாப் பிடிப்பேன், இல்லைன்னா முழுசா விட்டுருவேன். ஒரு காரியத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்க வழி உண்டுன்னா சொல்லுங்க. இல்லைன்னா சாவியை எடுத்துக்கிடுங்க."

டீச்சர் சாவியைத் தொடவில்லை.

"பாட்டு கத்துக்க வந்தியளே அண்ணாச்சி, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு டீச்சர் அது?"

"பின் வரிசையில போய் நில்லுங்க. மழைப் பாட்டு. கடைசி வார்த்தையை மட்டும் பாடினாப் போதும்."

மழையைக் கூப்பிடுகிற பாட்டு அது. 'வா' என்று முடியும். டீச்சர் தூக்கிய கை இறங்குகிற வரைக்கும் அந்த 'வா'வை இழுக்க வேண்டும்.

அண்ணாச்சி ஆசீர் என்கிற பையனுக்கும் பேச்சி என்கிற பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றார். இடம் வந்ததும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "வா…" என்று ஒரு பிடி பிடித்தார். பக்கத்து வேப்பமரத்துக் காக்காய்கள் கிளம்பிப் போயின.

டீச்சரின் கை மேலேயே நின்றது.

அண்ணாச்சி விடவில்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு முருங்கைக்காய்போலப் புடைத்தது. கண் பிதுங்கியது. அப்போதும் விடவில்லை. கடைசியில் வெயிட் எகிறின குக்கர் மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. உடனே இருமல் பிடித்துக்கொண்டது. ஆசீர் பாடிக்கொண்டே, கிடைத்தது வாய்ப்பு என்று அவர் முதுகில் நாலு தட்டுத் தட்டினான்.

பிள்ளைகளின் 'வா' அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் சாவகாசமாகக் கையை இறக்கியபோதுதான் நின்றது.

"இம்புட்டு வயசுல எம்புட்டு நெஞ்சு உங்களுக்கு!" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பேச்சி வாயைப் பொத்திச் சிரித்தாள். "நெஞ்சு இல்ல மாமா. திருட்டு."

"என்னட்டி திருட்டு?"

"மூச்சுத் திருட்டு. இவன் பாடும்போது நான் எடுத்துக்கிடுவேன். நான் பாடும்போது இவன் எடுத்துக்கிடுவான். ரெண்டு பேரும் சேந்து எடுத்தாத்தான் டீச்சர் வைவாங்க."

"அப்ப நடுவுல விட்டுருவியளா?"

"ஆமா. விட்டுட்டுத் திரும்ப வரும்போது மட்டும் மெதுவா வந்து சேந்துக்கிடணும். தடார்னு கதவைத் தட்டிக்கிட்டு வரக்கூடாது."

அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் இந்தக் கிட்டங்கியைத் திறந்து பூட்டுகிறோம், உள்ளே இப்படி ஒரு சங்கதி நடக்கிறதா!

"டீச்சர், இது ஏமாத்து வேலை இல்லையா? கேக்கவன் என்ன நினைப்பான்?"

"நீங்க கேட்டா என்ன நினைப்பிய?"

"நான் கண்டுபிடிச்சிருவேன். டிரைவர் தெரு முனையில கிளட்சை மிதிச்சா பஸ் ஸ்டாண்டுல கேக்கும் எனக்கு."

"சரி. வாசல்ல உங்க இடத்துக்குப் போங்க. கண்ணை மூடிக்கிடுங்க. எங்க அறுதுன்னு கேட்டு விசில் ஊதுங்க."

அண்ணாச்சி போனார். கண்ணை இறுக மூடினார். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்துக் கயிற்றில் கிடந்த விசிலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். கடமை என்று வந்துவிட்டால் அவர் இமை அசையாது.

மழைப் பாட்டு தொடங்கியது. முதல் அடியில் பெண்பிள்ளைகள் மேகத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டாம் அடியில் பையன்கள் கீழ்க்குரலில் இடி உருட்டினார்கள். நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் குரலை ஒடுக்கி, ஓட்டுக் கூரையில் முதல் தூறல் விழுகிற மாதிரி வார்த்தைகளைத் தட்டித் தட்டி வைத்தார்கள். இப்படி ஒரு இடம் இந்தப் பாட்டில் இருப்பதே அண்ணாச்சிக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் எப்போதும் போனில் இருந்திருக்கிறார்.

பிறகு 'வா' வந்தது.

வந்தது, நின்றது, போய்க்கொண்டே இருந்தது. அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் ஏதோ காற்றுப் போனது. காலில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. கண்ணைத் திறக்கவில்லை. எந்த நேரத்தில் என்று தெரியவில்லை, விசில் உதட்டிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

சத்தம் ஓய்ந்தது.

"எங்க அறுந்துச்சு அண்ணாச்சி?"

"அறவே இல்லையே டீச்சர்."

"கண்ணைத் திறங்க."

திறந்தார். வாசல் மண்பானை பக்கத்தில் பேச்சி நின்றாள், ஆசீர் நின்றான், இன்னும் இரண்டு வாண்டுகள் நின்றன. நாலு பேர் தாடையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக எப்ப வெளிய வந்துச்சு?"

"பாதி 'வா'ல மாமா," என்றாள் பேச்சி. "ஆசீரு ரெண்டு டம்ளர் குடிச்சான்."

அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார். உள்ளே நின்ற மற்றப் பிள்ளைகளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டம்ளர் பக்கத்தில் சாவிக்கொத்து வைத்த இடத்திலேயே கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக ரஹ்மத் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார். போய் நின்றாரே தவிர, வாய் வரவில்லை. ஆயிரம் பேருக்குத் திசை சொன்ன வாய். ஒருவரிடம் ஒன்று கேட்டுப் பழக்கம் இல்லை.

"ரஹ்மத்தம்மா… ஞாயித்துக்கிழமை…"

"கதவு திறக்கணுமா அண்ணாச்சி?"

"ஒரு தூக்குத் தூக்கித் திறக்கணும்."

"தெரியும்."

"வேன்காரர்ட்ட ஒரு மணி நேரம் முந்தியே சொல்லி வைக்கணும். அப்பத்தான்…"

"சரியா வருவார். தெரியும்."

"டீயில நுரை…"

"உக்காரச் சொல்லிச் சொல்லி, உக்காந்த இடத்துல இருந்தே எல்லாம் படிச்சாச்சு அண்ணாச்சி."

ரஹ்மத் எழுந்தார். பையனை டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். அண்ணாச்சி அந்தக் கையில் சாவியை வைத்தார். வைத்தவர் விடவில்லை. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு.

"சாவியை மட்டும் குடுங்க. கை உங்களுக்கு வேணும்லா? பேத்தியைப் பிடிக்கணும்."

கிட்டங்கியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். சிரிக்கும்போது பிடி தானாக விட்டது.

"திங்கக்கிழமை வந்து நான் திரும்பச் சேந்துக்கிடலாமா?" என்று கேட்டார்.

"கதவைத் தட்டாம வாங்க மாமா," என்றாள் பேச்சி.

சாவி இல்லாத கைகளை என்ன செய்வதென்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டிப் பார்த்தார், பின்னால் கட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அவர் கண்ணில் அது பட்டது. டீச்சருக்குத் தான் ஊற்றி வைத்த டீ குடிக்காமல் டம்ளரிலேயே இருந்தது. மேலே ஆடை கட்டிப்போயிருந்தது. யோசித்துப் பார்த்தார். என்றைக்குமே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. பாட்டு முடிந்ததும் எடுத்துக் கொட்டுவது அவர்தான்.

"எல்லாரும் எடுக்காங்க டீச்சர். நீங்க எப்பதான் மூச்சு எடுப்பிய?"

டீச்சர் அவருடைய வெறுங்கைகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் குனிந்து பையனை அவர் மடியில் வைத்தார். அவன் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தான். பிறகு கயிற்றில் தொங்கிய விசிலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

"இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க," என்றார் டீச்சர். "நான் இந்த டீயைக் குடிச்சிட்டு வந்திருதேன்."