நடுவீட்டின் வருமானம்

"இருநூற்று எழுபது!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் சாத்தப்பர். ஐம்பத்து நான்கு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மேல்துண்டு வழியில் ஏதோ வேலியில் சிக்கி அங்கேயே நின்றுவிட்டது.

கணக்குப் பள்ளியின் முற்றத்தில் இருந்த ஒன்பது சீடர்களும் எழுந்துவிட்டார்கள். குரு வேலம்மை மட்டும் எழவில்லை. சாத்தப்பருக்கும் அவர்தான் குரு; ஆனால் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"என்ன அண்ணாச்சி, நாய் துரத்துதா?" என்றான் ஒருவன்.

"அட போடா! நம்ம ஊர் நடுவீடு இருநூற்று எழுபது பணம் சம்பாதிக்குதுடா! நெய்தலூர் செழித்துவிட்டது!"

ஊரிலுள்ள வீடுகளை ஆண்டு வருமானப்படி வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் வருவது நடுவீடு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைக் கண்டு சொல்லும் பொறுப்பை அரசர் இந்தப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். நூற்றெண்பது, நூற்று எண்பத்தைந்து, நூற்றுத் தொண்ணூறு என்று இதுவரை நத்தையாக ஊர்ந்த எண், சாத்தப்பர் கணக்கெடுத்த ஆண்டில் துள்ளிக் குதித்திருந்தது.

இருநூற்றைம்பதைத் தாண்டினால் மழைக்காலக் கஞ்சிச்சாலையை மூடிவிடலாம் என்பது அரசாணை.

"நாளைக்குத் தேரோட்டத்தில் முரசறைகிறார்கள் அம்மா. யானை மேலிருந்து! என் பெயரையும் சேர்த்து! தூதன் குதிரையோடு வாசலில் நிற்கிறான். நீங்கள் முத்திரை வைத்தால் போதும்."

ஓலையை நீட்டினார். அவர் பெயரைத் தெருக்கோடிக்கு அப்பால் இதுவரை யாரும் சொன்னதில்லை.

வேலம்மை ஓலையை வாங்கவில்லை.

"சாத்தப்பரே, முதலில் இவர்களை உயரப்படி நிறுத்தும்."

சாத்தப்பர் பரபரவென்று நிறுத்தினார். "நிமிர்ந்து நில்லுடா. குதிகாலைத் தூக்காதே, திருட்டுப்பயலே."

"நடுவில் யார்?"

"மருதையன். என் காது உயரம் இருப்பான்."

"குட்டையான நால்வரும் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் இறைத்து வாருங்கள்."

"எப்பவும் நாங்கள்தானா?" என்று முனகிக்கொண்டே நால்வரும் போனார்கள்.

"இப்போது நடுவில் யார்?"

"கொற்றன். என்னைவிட நாலு விரல் உயரம்."

"அடடா! அரை நாழிகையில் என் பள்ளி எப்படி வளர்ந்துவிட்டது! இதற்கும் ஒரு முரசறையலாமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாத்தப்பரும் சிரித்தார். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றது.

"நான் யாரையும் விரட்டவில்லையே அம்மா."

"போன முறைகளில் எந்த மாதத்தில் கணக்கெடுத்தார்கள்?"

"ஐப்பசியில்."

"நீர் எப்போது எடுத்தீர்?"

"பங்குனியில். தேருக்குள் வேண்டும் என்று அமைச்சர் அவசரப்படுத்தினார்."

"எத்தனை வீடு?"

"இருநூற்றுப் பதினொன்று."

"போன முறை?"

சாத்தப்பர் பழைய ஓலையைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. "முந்நூற்று ஒன்று."

"தொண்ணூறு வீடு எங்கே?"

"உப்பளத் தெரு முழுக்கக் கதவு அடைத்திருந்தது. அடைத்த வீட்டை விட்டுவிடு என்பதுதானே விதி? நான் விதிப்படிதான்..."

அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. அந்தத் தெருவில் நடந்தபோது, சீக்கிரம் முடிகிறதே என்று மகிழ்ந்தது நினைவுக்கு வந்தது. வெயில் காலம் முழுக்க அந்தத் தெருக்காரர்கள் உப்பளத்திலேயே குடிசை போட்டு உப்பு வாருவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எப்படி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை?

"மழை பிடித்தால் அளம் மூழ்கும்" என்றார் வேலம்மை. "அப்போது திரும்பி வருவார்கள். வந்து?"

"கஞ்சிச்சாலையில் நிற்பார்கள்" என்றார் சாத்தப்பர் மெல்ல.

வெளியே குதிரை கனைத்தது. "ஐயா, நேரமாகுது! முரசுக்காரன் காத்திருக்கான்!" என்று தூதன் கூவினான்.

கிணற்றுக்குப் போன நால்வரும் குடங்களோடு திரும்பி வந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையில் தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். நடுவில் மறுபடியும் மருதையன்.

சாத்தப்பர் தான் கொண்டுவந்த ஓலையை இரண்டாகக் கிழித்தார். இன்னும் மூச்சு வாங்கியது. ஆனால் ஓடிவந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் அவருக்கு அவசரம்.

"நானே குதிரையில் போகிறேன். அளத்துக்குப் போய்க் கணக்கெடுக்க அவகாசம் கேட்கிறேன். ஆனால் அரசர், 'ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கய்யா கணக்கு?' என்று கேட்டால் என்ன சொல்வது அம்மா?"

வேலம்மை ஒரு குடத்தை வாங்கி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் சாய்த்தார்.

"இன்று காலை அவர் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கேளும்."