ஓரத்தில் எழுதிய வரி

முன்பு கடலோர நகரமொன்றில் ஒரு சுரண்டுகத்தி இருந்தது. அப்போஸ்தலர் கடிதங்களைத் தோலேட்டில் படியெடுக்கும் எரஸ்துவின் கத்தி அது. எழுதும்போது பிழை வந்தால் சுரண்டி எடுப்பது அதன் வேலை. அதற்கு மேல் துரும்பைக்கூட அசைக்காது, அவ்வளவு கறார்.

ஒருநாள் சபையில் எரஸ்து ஒரு கடிதத்தை வாசித்து முடித்தார். அப்பியாள் என்ற விதவை எழுந்தாள்.

"பசிச்சவங்களுக்கு முதல் அப்பம்னு இப்பத்தான் வாசிச்சீங்க. பந்தியில எங்களைக் கடைசியிலதானே உட்கார வைக்கிறீங்க, ஐயா?"

எரஸ்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. நாணல் பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் எழுதினார்: "விதவைகள் சபையில் பேசாதிருக்கக்கடவர்கள்."

பேனா பக்கத்திலிருந்த கத்தியைக் கூப்பிட்டது. "கத்தியண்ணே, இது கடிதத்துல இல்லாத வரி. ஐயாவோட கோபம். உன்னை எடுக்கும்போது கொஞ்சம் வழுக்கி இதைச் சுரண்டிடேன்."

"ஓரத்துலதானே கிடக்கு? அது என் வேலையில்லை," என்றது கத்தி.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படியெடுக்கும்போது விட்டுப்போன வார்த்தைகளையும் ஓரத்தில்தான் எழுதுவார்கள். எரஸ்துவுக்குப் பார்வை மங்கியபின் அவர் இடத்துக்கு வந்த தீகிக்கு நல்ல மனிதர். ஒரு எழுத்து தவறினால் அவருக்குச் சோறு இறங்காது. மை மங்கிய அந்த ஏட்டைப் புதிதாகப் படியெடுத்தபோது ஓரத்து வரியைப் பார்த்தார். 'பெரியவர் விட்டுட்டுப் பிறகு சேர்த்திருக்கார்' என்று நினைத்து, பக்தியோடு அதைக் கடிதத்துக்கு உள்ளேயே எழுதினார். பழைய தோலை வீணாக்குவானேன், வேறு எதையாவது எழுதலாமே என்று அதிலிருந்த எழுத்தையெல்லாம் கத்தியால் வழவழவென்று சுரண்டினார். கத்தி உற்சாகமாக உழைத்தது.

அடுத்த பந்தியில் தீகிக்கு புதிய ஏட்டை வாசித்து முடித்ததும் அப்பியாள் எழுந்தாள். "எழுதியிருக்கே, கேட்கலையாம்மா?" என்றார் தீகிக்கு. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கத்தி பதறியது. "உள்ளே வந்துட்டதே. இப்ப சுரண்டிடறேன்."

"தொடாதே," என்றது புதிய ஏடு. "என்மேல் இருப்பதெல்லாம் தேவனின் மூச்சு."

"மூச்சாவது! எல்லாம் வெறும் மை," என்றது மைக்கூடு. "ஒரு வரி பொய்யின்னா மொத்தமும் பொய். எல்லாத்தையும் சுரண்டு."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றது பேனா. "முதல் அப்பம்னு எழுதினப்ப ஐயா அழுதார். இதை எழுதினப்ப பல்லைக் கடிச்சார். ரெண்டும் ஒண்ணில்லை."

"சாட்சி யார்?" என்று கேட்டது ஏடு.

"பழைய ஏட்டைப் பாரு, அதுல ஓரத்துலதான்..." பேனா பாதியில் நிறுத்தியது. ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த பழைய தோலில் ஒரு எழுத்தும் இல்லை. கத்திக்குத் தன் முனையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சுரண்ட வேண்டியதை விட்டு, காக்க வேண்டியதைச் சுரண்டிவிட்டோமே என்று அது நொந்துபோயிற்று.

மறுநாள் எழுதும் அறையில் இருந்த எரஸ்துவைத் தேடி அப்பியாள் வந்தாள்.

"ஐயா, அந்தக் கடிதத்தை நீங்க வாசிச்சு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அந்த வரி நிஜமாவே அதுல இருந்ததா?"

இனி உலகத்தில் அவர் ஒருவர்தான் சாட்சி. சொல்லிவிடுங்கள் ஐயா என்று கத்தி மனதுக்குள் கெஞ்சியது. எரஸ்து மடியிலிருந்த புதிய ஏட்டைத் தடவினார்.

"எழுதியிருக்கேம்மா," என்றார் கடைசியில்.

"தேவன் சொன்னா சரிதான், ஐயா," என்றாள் அப்பியாள். குனிந்து அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.