ஒன்பது விரற்கடை கிளட்ச்

கொண்டிக்குப்பத்தில் ஒரு அக்காவும் நான்கு தம்பிகளும் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கான புத்தி இருந்தது. அதையும் அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

அக்கா செங்கமலத்துக்கு அரை ஏக்கர் நிலம். மழை பெய்து மூன்று நாள் போய்விட்டது. நான்காம் நாள் பொழுது சாய்வதற்குள் உழுது கடலை போடாவிட்டால் ஈரம் காய்ந்துவிடும், வருஷம் முழுக்கக் கஞ்சிதான். அதனால் டவுன் மெக்கானிக் ஜெயசீலனிடமிருந்து ஒரு பழைய சின்ன டிராக்டரை வரவழைத்தார்கள்.

அவர் வண்டியை வயலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே கியரைப் போட்டு, மூத்த தம்பி ஏகாம்பரத்தை உட்காரவைத்து, அவன் காலைக் கிளட்ச்மேல் வைத்து முழுக்க அழுத்தினார். இரண்டே விஷயம் சொன்னார்.

“கிளட்சை மெதுவா விடணும். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது. இல்லேன்னா வண்டி குதிக்கும். அப்புறம், கலப்பையோட வயலை விட்டு வெளியே போயிடாதீங்க.”

சொல்லிவிட்டு சைக்கிளில் போய்விட்டார்.

வண்டி நின்ற இடத்திலேயே தடதடவென்று உதறியது.

“குளிர் காய்ச்சல்டா,” என்றான் இரண்டாமவன் துளுக்காணம்.

கம்பளி கொண்டுவந்து போர்த்தினார்கள். கம்பளியும் உதறியது.

“பாத்தியா, இதுக்கும் ஒட்டிக்கிச்சு.”

பிறகு கிளட்சை விரல் வைத்து அளந்தார்கள். அடியிலிருந்து மேலே வர ஒன்பது விரற்கடை.

“மணிக்கு ஒரு விரற்கடை விடலாம்,” என்றான் மூன்றாமவன் வேதகிரி.

“இப்பவே மணி பத்துடா! இருட்டிடுமே, என் ஈரம் என்னாகும்?” என்று செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மணிக்கு அரை விரற்கடைதான் முறை. உனக்காகத்தான்க்கா இப்படி அவசரப்படறோம்.”

இரண்டு விரற்கடை விட்டதும் ஏகாம்பரத்துக்குக் கால் மரத்துப்போனது. “யாராவது மாத்துங்கடா!”

துளுக்காணம் ஏறி அவன் கால்மேல் தன் காலை வைத்து அழுத்தினான். அடியில் இருந்த கால் வெளியே வரவில்லை. அதை விடுவிக்க வேதகிரி தன் காலை மேலே வைத்தான். அவனுக்கு உதவியாகக் கடைசித் தம்பி முனிரத்தினமும் வைத்தான். ஆக, கால் நான்கு, கிளட்ச் ஒன்று.

“அடியில இருக்கிறது யார் காலுடா?”

“எந்தக் கால்ல எறும்பு கடிக்குதோ, அது என்னுது!” என்று ஏகாம்பரம் அலறி உதறினான்.

மீதி ஏழு விரற்கடையும் ஒரே நொடியில் விட்டுப்போனது. வண்டி குதித்தது. நால்வரும் நான்கு பக்கமாக விழுந்தார்கள். வண்டி மட்டும், ஆளில்லாமல், கம்பளி போர்த்திக்கொண்டு, கன்றுக்குட்டி நடக்கிற வேகத்தில் நேராக உழுதுகொண்டு போனது.

“ஏறி கிளட்சை மிதிச்சா நின்னுடும்டா!”

“மிதிச்சா மறுபடி விடணும். இன்னும் ஒன்பது மணி நேரம். அக்கா ஈரம் என்னாகிறது?”

அது நியாயமாகப் பட்டது. யாரும் ஏறவில்லை. செங்கமலம் விதைக்கூடையைத் தூக்கிக்கொண்டு உழுத சாலில் கடலை போட்டபடி பின்னாலேயே ஓடினாள்.

வண்டி வரப்பை நெருங்கியது. அங்கே எல்லைக்கல் இருந்தது.

“ஐயோ, வயலை விட்டு வெளியே போகக்கூடாதுன்னாரே!”

“கல்லைத் தாண்டினாத்தானே வெளியே? கல்லைப் பிடுங்குடா!”

பிடுங்கினார்கள். தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஐம்பது அடி ஓடி நட்டார்கள். வண்டி நெருங்கியதும் மறுபடி பிடுங்கினார்கள். தரிசில் முப்பத்தொரு தடவை, வற்றிய ஏரியில் நாற்பத்தாறு தடவை, டவுன் மைதானத்தில் பன்னிரண்டு தடவை. எண்பத்தொன்பதாவது தடவை நட்டபோது டீசல் தீர்ந்து வண்டி நின்றது. கூடையில் கடைசிக் கடலையும் தீர்ந்தது. பொழுது இன்னும் சாயவில்லை.

நின்ற இடம் ஜெயசீலனின் பட்டறை வாசல். அவர் கையில் ஸ்பானரோடு ஓடிவந்தார்.

“அடப்பாவிங்களா! வயலை விட்டு வெளியே போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

ஏகாம்பரம் எல்லைக்கல்லைத் தட்டிக் காட்டினான்.

“நாங்க எங்கண்ணே போனோம்? நீங்கதான் எங்க வயல்ல பட்டறை வெச்சிருக்கீங்க.”

செங்கமலம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

“அதுக்கென்ன அண்ணே, நீங்க பாட்டுக்கு இருங்க. சால் மேலேருந்து உங்க காலை மட்டும் கொஞ்சம் எடுங்க. கடலை முளைக்கணும்.”