நத்தைக்கு முன்வரிசை டிக்கெட்

தாமரைக் குளத்தங்கரை ஆலமரத்தில் நூலாயி என்ற சிலந்தி டிக்கெட் வியாபாரம் செய்துவந்தது. லேசுப்பட்ட வியாபாரமா அது! காடு முழுக்க நூல் இழுத்து, ஒவ்வொரு பொந்துக்கும் குகைக்கும் ஒரு முனை விட்டிருந்தது. வருஷா வருஷம் மழை தொடங்கும்போது குளக்கரையில் நடக்கும் மயிலாட்டம் பார்க்க வேண்டுமா? வீட்டில் இருந்தபடியே நூலைச் சுண்டினால் போதும். முதலில் சுண்டியவருக்கு முதல் இடம். அந்த இடத்தில் நூலாயி ஓர் இலையைக் கட்டிவைக்கும்.

அதற்கு முன்பெல்லாம் முட்டி மோதுகிறவருக்குத்தான் முன்வரிசை. நத்தை பாவம், ஊர்ந்து வந்து சேருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். மயில் தோகை விரித்து ஒரு தடவைகூட அது பார்த்ததில்லை.

இந்த வருஷம் எல்லோருக்கும் முன்னால் நூலைச் சுண்டியது நத்தைதான். குளத்தை ஒட்டிய முதல் பாறை அதற்கு!

ஆட்டத்தன்று வானம் கறுத்தது. கூட்டம் ஜேஜே என்று சேர்ந்தது. நத்தையை மட்டும் காணோம். பின்வரிசை டிக்கெட் எடுத்திருந்த கரடி நேராக முன்னால் வந்தது.

"ஏய் நூலாயி! இந்தப் பாறையை எனக்குக் கொடு!"

"அது நத்தையோட இடம், கரடியண்ணே."

"அது வந்து சேர அடுத்த மழைக்காலம் ஆகும்! இடம் சும்மாதானே கிடக்கு?"

"கிடக்கட்டும். கொடுத்தது கொடுத்ததுதான்."

"உன் நூலையெல்லாம் ஒரே இழுப்பில் அறுத்துப் போட்டுருவேன்!"

நூலாயி தன் நூல்களை ஒரு தடவை பார்த்தது. எத்தனை காற்று மழையைத் தாங்கிக் கட்டிய தொழில்! ஆனாலும் குடுகுடுவென்று இறங்கிவந்து பாறையின் நடுவில் நின்றது.

"அறுத்தா அறுங்க! நூல் போனா திரும்பக் கட்டிக்குவேன். பேச்சு மாறினா அப்புறம் யாரு என் நூலைத் தொடுவாங்க?"

கரடி கையை ஓங்கியது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் யானை வந்தது. டிக்கெட் எடுக்காத யானை!

"அட, இங்கே ஓர் இடம் காலியா இருக்கே!" என்று கரடியின் இடத்தில் உட்காரப் போனது.

கரடி பதறிப்போனது. "ஐயையோ, அது என் இடம்! நூலாயி, சொல்லு! நான் டிக்கெட் எடுத்திருக்கேன்ல, சொல்லு!"

இப்போது மட்டும் டிக்கெட் ஞாபகம் வருகிறது பாருங்கள்! நூலாயி பேசாமல் வேடிக்கை பார்த்திருக்கலாம். ஆனால் அது அப்படிச் செய்யவில்லை.

"யானையய்யா! அது கரடியண்ணனோட இடம். நீங்க உட்காரக் கூடாது!"

யானை குனிந்து அந்தத் துளியூண்டு சிலந்தியைப் பார்த்தது. "சரிம்மா, நூலைச் சுண்டாதது என் தப்பு. நின்னுக்கிட்டே பார்க்கிறேன். என் உயரத்துக்கு என்ன குறைச்சல்!"

கரடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓங்கிய கையைத் தொங்கப்போட்டு, விறுவிறுவென்று காட்டுப்பாதையில் ஓடியது. திரும்பி வந்தபோது அதன் உள்ளங்கையில் நத்தை இருந்தது. அதைப் பாறையில் மெதுவாக இறக்கிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

மயில் தோகையை விரித்தது. "யம்மாடி! இவ்வளவு நீலமா!" என்று நத்தை கண் இரண்டையும் நீட்டிக்கொண்டு கத்தியது. மறுபடி மரத்தில் ஏறி, மேலிருந்து அதைப் பார்த்த நூலாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியவர் சிறியவர் என்று பாராமல் எல்லோருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர் யார் முன்னாலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.